றகர் காக்கா சொன்னது

அவர் மௌத்தான அன்று பின்னேரமே இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் சந்தியில் பனர் கட்டிவிட்டார்கள். சிவப்பு எழுத்தில் "இலங்கை றகர் அணியின் முன்னாள் தலைவர்" என்று போட்டிருந்தது. உடல் வைத்திருந்த மய்யித்து வீட்டிலிருந்து திரும்பி வரும்போது ஓட்டோவை நிறுத்தச் சொல்லி அதை வாசித்தேன். உயிரோடு இருந்திருந்தால் மனிதர் ஏணி கொண்டுவந்து வைத்து ஏறி, "தலைவர்" என்ற சொல்லைக் கத்தியால் வெட்டி எடுத்திருப்பார். அதோடு விட்டிருக்கவும் மாட்டார். கீழே இறங்கி நின்று மிச்சத்தையும் ஒருமுறை வாசித்துவிட்டு, "இதுவும் கொஞ்சம் கூடத்தான்" என்றிருப்பார்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரக்பி விளையாட்டை எங்கள் பக்கத்தில் றகர் என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். இளையவர்களுக்கு றகர் காக்கா, மூத்தவர்களுக்கு றகர் தம்பி. நானும் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் கனமூலைக்காரி. கலியாணம் முடித்து, நுரைச்சோலையைத் தாண்டிக் கற்பிட்டிக்குப் போகிற வீதியோரம் உள்ள இந்தக் கரைக்கு வந்தேன். என் கணவருக்குச் சொந்தமாக ஒரு போட் இருந்தது. வந்த முதல் கிழமையிலேயே றகர் காக்காவைப் பார்த்துவிட்டேன். ஐஸ் லொறியிலிருந்து ஒரு முழுக் கட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய நடந்து போய்க்கொண்டிருந்தார். கதவு மாதிரி அகலமான முதுகு. இரண்டு காதும் கசக்கி எறிந்த கடதாசி போல இருந்தன. இடது கைச் சுண்டுவிரல் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. நான் பயந்துபோய்க் கணவரிடம், "இவர் என்ன, சண்டைக்காரரா?" என்று கேட்டேன்.

"இல்ல. றகர் விளையாடினவர். ரெண்டு பக்கத்து ஆக்களும் தலைய ஒண்டுக்குள்ள ஒண்டு குடுத்து, மாடு மாதிரித் தள்ளுவாங்க. அதுல முன் வரிசையில நிண்டவர். காது அதுலதான் அப்படிப் போச்சு."

சின்ன வயதில் கொழும்பில் மாமா வீட்டில் தங்கிப் படித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் விளையாடியதைப் பார்த்து ஒரு அரசாங்கத் திணைக்களம் தன் அணிக்காகவே வேலை கொடுத்து எடுத்துக்கொண்டது. இலங்கைக்காகவும் விளையாடினார். ஊருக்கு அது பெரிய பெருமை. அவருக்கோ அந்தப் பெருமைதான் பெரிய தொந்தரவு. யாராவது வெளியூர்க்காரரிடம் "இவர் ஸ்ரீலங்காவுக்கு வெளயாடினவர்" என்று அறிமுகப்படுத்தினால், கைகொடுப்பதற்கு முன்பே திருத்திவிடுவார்.

"ஒரே ஒரு மேட்ச். வெளிநாட்டுல. முடியிறதுக்குக் கொஞ்சம் முந்தி இன்னொருத்தருக்குக் காலு சுளுக்கினதால என்னய இறக்கினாங்க. தள்ளினன். பந்தத் தொடக் கிடைக்கல்ல. விசில் ஊதிட்டாங்க."

ஒருமுறை பக்கத்துப் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு அவரைப் பிரதம அதிதியாக அழைத்தார்கள். அறிவிப்பாளர் ஆசிரியர் நல்ல பேச்சுக்காரர். எதிரணியைக் கதிகலங்கவைத்த சிங்கம் என்றார், பல நாடுகளில் நம் கொடியைப் பறக்கவிட்டவர் என்றார். றகர் காக்கா பொன்னாடையைத் தோளில் போட்டபடியே மைக்கைக் கேட்டு வாங்கி, "சேர் அன்புல சொல்றார். பல நாடு இல்ல, ஒரு நாடு. கொடிய நான் தூக்கவும் இல்ல. அத வேற ஒராள் வச்சிருந்தார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். பள்ளிக்கூட அதிபர் கடைசிவரை சிரிக்கவில்லை.

இது அடக்கம் என்று நினைத்தவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடக்கமுள்ள மனிதர் தன்னைப் பற்றி மட்டும்தான் குறைத்துச் சொல்வார். இவரோ எல்லாரைப் பற்றியும் நடந்ததை நடந்தபடி சொல்வார். எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்ணுக்கு முந்தலிலிருந்து மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளை இறால் பண்ணையொன்றில் வேலை பார்ப்பவன். அந்தப் பண்ணைக்கும் இவர் ஐஸ் கொண்டுபோவதால் பெண்ணின் வாப்பா வந்து விசாரித்தார். "நல்ல வேலைகாரன். கோவம் வந்தா கையில கிடைச்சதால அடிப்பான். ஒரு நாயை அடிச்சத நான் பாத்தன்" என்றார் இவர். கலியாணம் நின்றுபோனது. பெண் வீட்டார் நன்றி சொல்லவில்லை, மாறாக வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர் என்றார்கள். அதன் பிறகு மாப்பிள்ளை விசாரிக்க யாரும் அவரிடம் போனதில்லை.

அவருடைய மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். ராத்தா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கறியில உப்புக் கூடினா கூடிட்டு எண்டு சொல்லுவார். சொல்லிட்டு முழுசாத் திண்டுட்டு எழும்புவார். ஒருநாளாவது பொய்யா நல்லாருக்கு எண்டு சொன்னா வாய் அழுகிடுமா?"

கொழும்பை விட்டு அவர் ஏன் வந்தார் என்பதற்கும் இந்தக் குணம்தான் காரணம். அதை என் கணவர் சொல்லித்தான் அறிந்தேன். ஒரு இறுதிப் போட்டி. றகரில் எதிரியின் கோட்டுக்கு அப்பால் போய்ப் பந்தை நிலத்தில் அழுத்தவேண்டும். அப்போதுதான் புள்ளி. ஆட்டம் முடியப்போகிற நேரம் இவர் பந்தோடு கோட்டுக்கு மேலே விழுந்தார், இவருக்கு மேலே பத்துப் பன்னிரண்டு பேர் விழுந்தார்கள். நடுவர் கையைத் தூக்கிப் புள்ளி கொடுத்துவிட்டார். கூட்டம் எழுந்து கத்துகிறது. இவர் குவியலுக்குள்ளிருந்து எழும்பி நடுவரிடம் போய், "சேர், பந்து நிலத்துல படல்ல. அவன்ட கை இடையில இருந்துச்சு" என்றார். நடுவர் இரண்டாம் தரமும் கேட்டார். இவர் இரண்டாம் தரமும் அதையே சொன்னார். கிண்ணம் போய்விட்டது.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், அணியில் ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை என்றார் என் கணவர். உடைமாற்றும் அறையில் இவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அடுத்த பருவத்தில் இடது தோள் மூட்டுக் கழன்றது. கட்டுப்போட்டு ஆறினாலும் அடிக்கடி கழன்றது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஐஸ் லொறி ஓட்டத் தொடங்கினார்.

என் கணவருக்கு அவர் மேல் ஒரு மயக்கமே இருந்தது. கடலுக்குப் போகாத நாட்களில் லொறியில் ஏறி அவரோடு புத்தளம்வரை போய் வருவார். "அந்த மனிசன் சொன்னா சொன்னதுதான்" என்பார். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எங்கட வீட்டுல ஒரு றகர்காரி வளர்றா" என்பார். மகள் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

இனிச் சொல்லப்போவது கடலில் நடந்தது.

கரைக்கு அப்பால் ஒரு தீவில் வாடி என்கிற ஓலைக் குடில் போட்டுத் தங்கியிருந்த மீனவர்களுக்கு ஐஸ் கொண்டுபோக வேண்டியிருந்தது. என் கணவரும், எங்களோடு தங்கி போட்டில் வேலைசெய்த என் தம்பியும் போனார்கள். ஐஸ் பெட்டிகளை ஏற்றி இறக்க உதவியாக றகர் காக்காவும் ஏறிக்கொண்டார். போகும்போது கடல் அமைதியாக இருந்தது. திரும்பி வரும்போது காற்று எழும்பியது. எஞ்சின் நின்றது. அதைப் பார்க்கக் குனிந்த நேரம் ஓர் அலை போட்டைக் கவிழ்த்தது. என் தம்பிக்குத் தலையில் அடிபட்டு நினைவு போய்விட்டது. எஞ்சின் பட்டு என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாமல் போயிற்று. கவிழ்ந்த போட் அவர்களை விட்டு இழுபட்டுப் போனது. மிதந்துகொண்டிருந்த, இலேசான ரெஜிபோம் நுரையால் செய்த வெறும் ஐஸ் பெட்டியொன்றின் மேல் றகர் காக்கா நெஞ்சைப் போட்டுக்கொண்டு இருவரையும் பிடித்திருந்தார். தீவிலிருந்து வந்த வேறொரு போட் அவர்களைக் கண்டபோது பெட்டியில் இருவர்தான் இருந்தார்கள்.

அடுத்த நாள் கரையில் மய்யித்துக் கிடைத்தது. அடக்கினார்கள். நான் இத்தாவில் உட்கார்ந்தேன்.

கணவனை இழந்தவள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கவேண்டிய காலம் அது. அறை வாசலில் ஒரு திரை. வந்த பெண்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "கவிழ்ந்த உடனயே போயிட்டாராம். ஒண்டும் தெரிஞ்சிருக்காது, புள்ள." அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் மூச்சுவிட்டேன்.

ஒருநாள் பின்னேரம் அசருத் தொழுகைக்குப் பிறகு முன் அறையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. என் வாப்பாவின் குரல், பிறகு றகர் காக்காவின் குரல்.

"தங்கச்சிக்கு ஒரு விஷயம் சொல்லோணும்."

"என்னட்டச் சொல்லுங்க தம்பி. நான் சொல்றன்."

"இல்ல. அவக்குக் கேக்கிற மாதிரி நான்தான் சொல்லோணும்."

திரைக்குக் கீழே றகர் காக்காவின் கால்கள் தெரிந்தன. அதற்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"தங்கச்சி, அவன் உடன போகல்ல. எனக்குப் பக்கத்துல நெடு நேரம் இருந்தான். வலது கையில உங்கட தம்பி, இடது கையில அவன். பொறகு இடது கை விட்டிட்டு. தோள் கழண்டதாலதான் எண்டு எல்லாரும் சொல்றாங்க. தோள் கழண்டது உண்மை. ஆனா தோள் கழண்டு கை விட்டிச்சா, கை விட்டாப் பொறகு கழண்டிச்சா, எனக்குத் தெரியா. எத்தினையோ தரம் நெனச்சுப் பாத்திட்டன். தெரியா. தெரியாதத நான் தெரியும் எண்டு சொல்லமாட்டன். உங்கட புருசன்ட கை என்ட கையில இருந்துதான் போனிச்சு. அதச் சொல்லாம இந்த வாசலால என்னால போகேலாது."

வாப்பா எழும்பினார். "இத்தாவில இருக்கிற புள்ளைக்கிட்ட இதயா சொல்ற? போங்க தம்பி. போங்க."

கால்கள் திரும்பின. செருப்பை மாட்டுவதற்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஒரு கை கட்டுப்போட்டிருந்ததால் அப்படியாகியிருக்கும் என்று பிறகுதான் நினைத்தேன். அன்று நான் அழவில்லை. அன்றிரவிலிருந்து அவரை வெறுக்கத் தொடங்கினேன். கணவரை விட்டதற்காக இல்லை. அதை வந்து சொன்னதற்காக.

என் தம்பியும் பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறான். காயம் ஆறியதும் கட்டாருக்குப் போனான். இன்றுவரைக்கும் ஊருக்கு வரும்போது என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை.

காலம் போகப் போக ஊரில் வேறொரு கதை எழும்பியது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. என் கணவர், "என்ன விடுங்க காக்கா, மச்சினனப் புடிங்க. அவன் வாழவேண்டிய புள்ள" என்று சொல்லித் தானாகவே கையை உருவிக்கொண்டாராம். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பேச வந்தவர் இதை எடுத்துச் சொன்னபோது ஆண்கள் விம்மினார்களாம். மதரசாவில் புதிதாகக் கட்டிய அறைக்கு என் கணவரின் பெயர் வைத்தார்கள். என் மாமி, அவரைப் பெற்றவர், அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார். மகளுக்கு விபரம் தெரிகிற வயது வந்தபோது நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

அறை திறக்கிற அன்று றகர் காக்காவைக் கூப்பிட்டு நாலு சொல் பேசச் சொன்னார்கள். அந்தக் கதைக்கு அவர்தானே சாட்சி. அவர் எழும்பி, "அவன் நல்லவன். என்ட கூட்டாளி. ஆனா நீங்க சொல்ற கதைய நான் கேக்கல்ல" என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார். ஊர் கொதித்தது. தம்பியைக் காப்பாற்றிய பெயர் தனக்கே வேண்டும் என்று பொறாமைப்படுகிறார் என்றார்கள். சிலர் அவரிடம் ஐஸ் வாங்குவதை நிறுத்தினார்கள். லொறி எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

ஆனால் அந்த அழகான கதை எனக்குள்ளே என்ன செய்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தையல் மெசினில் உட்கார்ந்திருக்கும்போது அது வரும். கையை உருவிக்கொண்டாரே, அந்த நேரம் நான் நினைவுக்கு வரவில்லையா? நடக்கப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை நினைவுக்கு வரவில்லையா? இவர் நல்லவர் ஆகிவிட்டுப் போய்விட்டார், நான் எப்படி இருப்பேன் என்று யோசித்தாரா? அலுமாரியில் தொங்கிய அவருடைய சட்டையோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். ஊரெல்லாம் கையேந்தித் துஆச் செய்கிற ஒரு மனிதரோடு அவருடைய பெண்சாதி கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை வெளியில் சொல்ல முடியுமா?

மகள் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் மாமி படுக்கையில் விழுந்தார். இனி எழும்பமாட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு காலைநேரம் மாமி என்னைக் கூப்பிட்டு, "றகர் தம்பிய வரச்சொல்லு" என்றார். எனக்கு விருப்பமில்லை. ஆனால் மறுக்கிற நிலையில் யாரும் இல்லை. மகள் போய்க் கூட்டிவந்தாள்.

அவரை அத்தனை கிட்டத்தில் பார்த்து எத்தனையோ காலம். தாடி முழுதும் நரைத்திருந்தது. முதுகின் அகலம் அப்படியே இருந்தது. மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

மாமி அவருடைய கையைத் தேடிப் பிடித்தார். "தம்பி, நான் போகப்போறன். ஒண்டே ஒண்டு கேக்கிறன். என்ட மகன் தானாத்தானே கைய எடுத்தான்? அவன்ட மச்சினனுக்காகத்தானே? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நான் நிம்மதியாப் போறன்."

அறைக்குள் நானும் மகளும்தான் நின்றோம். எனக்கு அவருடைய முகம் தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். அவர் இன்று பொய் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சொல்லட்டும் என்று நானும் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"மாமி," என்றார். "அவன் அப்படிச் சொல்லல்ல."

மாமி அவருடைய கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் பொறுக்கவில்லை. "சாகப்போற மனிசிக்கு ஒரு பொய் சொன்னா உங்களுக்கு என்ன குறையும்?" என்று அவருடைய முகத்துக்கு நேரே கேட்டாள். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து மெல்ல எழும்பி வெளியே போனார். மாமி அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாட்கள்தான் இருந்தார். தண்ணீர் கேட்டார், கலிமாச் சொன்னார், மகனைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அவர் என்ன மனதோடு போனார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த விஷயத்தில் றகர் காக்கா செய்தது சரியா என்றும் எனக்குத் தெரியாது.

ஆனால் அன்று அவர் வெளியே போனபோது ஒரு சொல் என்னை எழுப்பிவிட்டது. "அவன் அப்படிச் சொல்லல்ல." வெறுமனே சொல்லவில்லை என்று இந்த மனிதர் சொல்லியிருந்தால், ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். அப்படிச் சொல்லவில்லை என்றால் என் கணவர் வேறெதையோ சொல்லியிருக்கிறார்.

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். வேலிப் படலைக்கு வெளியே லொறிக் கதவில் கைவைத்தபடி நின்றார்.

"காக்கா."

திரும்பினார்.

"அப்ப அவர் என்னத்தச் சொன்னார்?"

"கேக்கிறீங்களா, தங்கச்சி?" என்றார். "கேட்டாச் சொல்லுவன். சொன்னாப் பொறகு திருப்பி எடுக்கேலாது."

"அண்டைக்குத் திரைக்கு அங்கால நிண்டு எல்லாத்தையும் சொன்னீங்க. இத ஏன் சொல்லல்ல?"

"அண்டைக்கு நான் செஞ்சதச் சொல்ல வந்தன். இது அவன்ட பேச்சு. நீங்களாக் கேக்காம நான் எடுத்துக் குடுக்கேலாது. நீங்க கேப்பீங்க எண்டு இருந்தன். பொறகு கேக்கமாட்டீங்க எண்டு நெனச்சன்."

"இப்பக் கேக்கிறன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வளைந்த அந்தச் சுண்டுவிரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"'விடாதீங்க காக்கா, வீட்ட போகோணும்' எண்டான். 'விடாதீங்க காக்கா, வீட்ட போகோணும்.' கை விடுற வரைக்கும் அதத்தான் சொன்னான். வேற ஒண்டும் சொல்லல்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார், அடிக்கப்போகிறவர் முன்னால் நிற்பதுபோல. இத்தனை காலமும் இந்தச் சொற்களை அவர் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். விடாதீங்க என்று ஒருவன் கெஞ்சக் கெஞ்சக் கை விட்டுப்போன மனிதர் அவர். ஊர் அவருக்கு ஒரு நல்ல கதையைக் கட்டிக்கொடுத்தது. அதை ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தக் குரலிலிருந்து அவரும் தப்பியிருக்கலாம்.

நான் லொறியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அழத்தான் செய்தேன். ஆனால் நெஞ்சுக்குள் வருடக்கணக்காக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துகொண்டிருந்தது. என் கணவர் கையை உருவிக்கொள்ளவில்லை. எங்களை விட்டுவிட்டுப் பெரிய மனிதராகப் போகவில்லை. அவர் பயந்தார், கெஞ்சினார், உயிரோடு இருக்க ஆசைப்பட்டார். எங்களிடம் வருவதற்குத்தான் கடைசிவரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"காக்கா," என்றேன். "இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். அதே சொற்கள். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.